கணுக்காலில் மறைத்து அணியும் சிறு கைத்துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைத்து அணியும் உரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் அதை இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறார்கள். கணுக்கால் என்பது ஒரு சிலர் மட்டும், அதுவும் பெரும்பாலும் இரண்டாவது துப்பாக்கிக்காக, நாடும் இடம். இடுப்புக்கு ஏற்ற துப்பாக்கியைக் கணுக்காலுக்குக் கொண்டுபோனால் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதைப் பலர் வாங்கிய பிறகே உணர்கிறார்கள். கீழே உள்ள விடைகள் அமெரிக்கச் சூழலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

கணுக்காலில் துப்பாக்கி அணிவதால் யாருக்குப் பயன்?

இந்த வழக்கம் காவலர்களிடமிருந்து வந்தது. சீருடைக் காவலரின் இடுப்பு வாரில் பணித் துப்பாக்கி, கைவிலங்கு, வானொலி, டேசர் எனும் மின்னதிர்ச்சிக் கருவி என்று எல்லாம் தொங்குவதால், இரண்டாவது துப்பாக்கிக்கு மிஞ்சும் இடங்கள் சட்டைப் பை, கால்சட்டைப் பை, கணுக்கால் ஆகியவைதான். பணித் துப்பாக்கி கைகலப்பில் பறிபோனாலும், பழுதானாலும், எட்டாத இடத்தில் விழுந்தாலும் கைக்கு வேறொன்று கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் மடக்கியபோது, வண்டிகள் மோதிய அதிர்வில் ஜான் ஹான்லன் என்ற முகவரின் .357 மேக்னம் ரிவால்வர் (சுழலும் உருளையில் தோட்டா நிரப்பும் கைத்துப்பாக்கி) கைவிட்டுப் போயிற்று. ஐந்து தோட்டா கொள்ளும் ஸ்மித் அண்ட் வெஸன் 36 என்ற தம் உபரி ரிவால்வரைக் கொண்டே அவர் தொடர்ந்து சுட்டார். தோட்டாக்கள் தீர்ந்து மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தபோது கையில் குண்டு பட்டது. இரண்டாவது துப்பாக்கி ஏன் வேண்டும் என்பதற்கும், சிறிய துப்பாக்கியின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கும் இந்த ஒரே நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

பொதுமக்களில், நாள் முழுவதும் வண்டி ஓட்டுபவர்களுக்கும், சட்டையைக் கால்சட்டைக்குள் செருகி மேல்கோட்டு இல்லாமல் அலுவலகம் செல்பவர்களுக்கும் இது ஓரளவு பயன்படும்.

என்னிடம் உள்ள ஒரே துப்பாக்கியைக் கணுக்காலில் அணியலாமா?

அணிவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுப்பவர் நடந்துகொண்டே, பின்வாங்கிக்கொண்டே, ஒரு கையால் எதிராளியைத் தள்ளிக்கொண்டே எடுக்க முடியும். கணுக்காலிலிருந்து எடுப்பவர் நிற்க வேண்டும், குனிய வேண்டும், கால்சட்டையை மேலே இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் தலை தாழ்ந்து, கண் எதிராளியை விட்டு விலகி, இரு கைகளும் ஒரே வேலையில் சிக்கிக்கொள்கின்றன. ஓடித் தப்புவதற்கு வாய்ப்பு இருக்கும் இடத்தில் ஓடுவதே மேல் என்பது எந்தத் துப்பாக்கிக்கும் பொதுவான விதி. கணுக்காலில் மட்டும் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டியின் இருக்கையில் வார் மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புத் துப்பாக்கி வாருக்கும் சட்டைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். கணுக்கால் அப்போது கைக்கு அருகில் வந்துவிடுகிறது. அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் தானியங்கிக் கியர் கொண்டவை என்பதால் இடக்கால் சும்மா இருக்கும். வலக்கைக்காரர் துப்பாக்கி அணிவதும் அந்தக் காலில்தான்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

கூடாது. குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எச்-1பி, எல்-1, எஃப்-1 ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், அவற்றை நம்பி மறைத்து அணியும் கைத்துப்பாக்கி வாங்குவது வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் செய்யத் தகாத காரியம். நண்பர் பெயரில் வாங்கித் தாம் வைத்துக்கொள்வது தனிக் குற்றம். தடையை மீறினால் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை நாடு கடத்தவும் குடியேற்றச் சட்டத்தில் வழியுண்டு. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை எவை?

பொது இடத்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதம் நியூயார்க் வழக்கொன்றில் தீர்ப்பளித்த பிறகும், உரிமம் தரும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து அணியலாம். ஆயினும் ஒரு மாநிலத்தின் உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பணியிலும் ஓய்விலும் உள்ள தகுதி பெற்ற காவலர்களுக்கு மட்டுமே 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாடு தழுவிய அனுமதியைத் தருகிறது.

உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் இருப்பவர்களும் உரிமம் வாங்கிக்கொள்வது நல்லது என்பதற்கு வலுவான ஒரு காரணம் உண்டு. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டு செல்வதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவருக்கு அந்த விலக்கு கிடையாது. நகரத்துக்குள் 1,000 அடி தூரத்தில் பள்ளியே இல்லாத தெருக்கள் அரிது.

தமிழர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சியில் இரண்டு கட்டுப்பாடுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேகசினில், அதாவது பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. உடலில் பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. கலிபோர்னியாவில் மாநில அரசின் பட்டியலில் உள்ள மாதிரிகளை மட்டுமே கடைக்காரர் புதிதாக விற்க முடியும் என்பதால், அங்கிருப்பவர் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பட்டியலைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எந்தக் காலில், எந்தப் பக்கம் அணிவது?

வலக்கைக்காரர் இடக்காலின் உட்புறத்திலும், இடக்கைக்காரர் வலக்காலின் உட்புறத்திலும், பிடி பின்னோக்கி இருக்குமாறு அணிய வேண்டும். வெளிப்புறத்தில் அணிந்தால் கதவிலும் மேசைக்காலிலும் இடித்துக்கொண்டே இருக்கும். கால்சட்டையில் புடைப்பும் தெரியும்.

எடை எவ்வளவு வரை தாங்கும்?

தேர்வின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இடுப்பில் 700 கிராம் தொங்குவதை நல்ல தோல் வாரின் உதவியால் மறந்துவிடலாம். கணுக்காலிலோ ஒவ்வோர் அடிக்கும் அந்த எடையைத் தூக்கி முன்னே வீசுகிறோம். பெண்டுலத்தின் நுனியில் கட்டிய கல்லைப்போல அது காலை இழுக்கிறது. மாலைக்குள் ஒரு பக்க இடுப்பு வலிக்கத் தொடங்குவதும், நடையே சற்றுக் கோணுவதும், அந்தக் கோணல் நடையே துப்பாக்கி இருப்பதைக் காட்டிக்கொடுப்பதும் அணிந்து பழகியவர்கள் அறிந்தவை.

தோட்டா இல்லாத நிலையில் 450 கிராமுக்குள் உள்ள துப்பாக்கியே நாள் முழுவதும் அணிவதற்கு ஏற்றது என்பது நம் கணிப்பு. ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம். அதன் பெரிய தம்பி எல்சிபி மேக்ஸ் சுமார் 300 கிராம். ரூகர் எல்சிஆர் ரிவால்வர் .38 தோட்டா வடிவில் சுமார் 380 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 சுமார் 410 கிராம். சிக் சாவர் பி365 ஏறத்தாழ 500 கிராம் வருகிறது. கிளாக் 26 காலி மேகசினோடு 600 கிராமை ஒட்டிவிடுகிறது. பத்துத் தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவை நெருங்கும். காவலர்கள் அதையும் அணிகிறார்கள், ஆனால் அதற்குக் கீழே சொல்லப்போகும் தனிக் காரணம் உண்டு.

ரிவால்வரா, பிஸ்டலா?

பிஸ்டல் என்று இங்கே சொல்வது மேகசினிலிருந்து தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியை. கணுக்காலைப் பொறுத்தவரை ரிவால்வருக்கே நம் முதல் வாக்கு. புதிய பிஸ்டல்களின் தோட்டா எண்ணிக்கையைக் கண்டு இந்தக் கருத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனவே காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணுக்கால் என்பது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். தெருப்புழுதி, புல்வெளி ஈரம், குளிர்கால மாநிலங்களில் சாலையில் தூவும் உப்பு, காலுறையின் நூல்துகள் ஆகிய அனைத்தும் அங்கேதான் சேர்கின்றன. பிஸ்டலின் ஸ்லைடு எனும் மேற்பகுதி பின்னுக்குச் சென்று, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து உருவிக் குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறைக்குள் தள்ளுவதற்கு நுண்ணிய இடைவெளிகள் துப்புரவாக இருக்க வேண்டும். பிடியும் உறுதியாக இருக்க வேண்டும். மல்லாந்து விழுந்து, ஒரு கையால், மணிக்கட்டு தளர்ந்த நிலையில் சுட்டால் மிகச் சிறிய பிஸ்டல்கள் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிடக்கூடும். இரண்டாவது துப்பாக்கி வெளியே வரும் வேளை பெரும்பாலும் அத்தகைய வேளைதான். எதிராளி மேலே விழுந்து கிடக்கும்போது குழலின் முனை அவன் உடலில் அழுந்தினால் பிஸ்டலின் ஸ்லைடு சற்றே பின்னுக்குப் போய்ச் சுட மறுப்பதுண்டு. ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ரிவால்வரில் விசையை மீண்டும் இழுத்தால் போதும்.

ரிவால்வரிலும் குறைகள் உண்டு. ஐந்து தோட்டாக்கள்தாம். விசையை இழுக்க ஐந்து கிலோ அளவில் அழுத்தம் வேண்டும். நீண்ட இழுப்பு என்பதால் குழல் அசைந்து குறி தவறும். குட்டைக் குழலின் மேல் குறிமுனையும் சிறிது. நூல்துகளும் மணலும் உருளைக்கு அடியில் புகுந்தால் ரிவால்வரும் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் அந்த இடத்திலேயே சரிசெய்வது பிஸ்டலைவிடக் கடினம். வாரம் ஒருமுறையேனும் பயிற்சி செய்யாதவருக்கு 642ஐவிட ஒரு நல்ல பிஸ்டல் ஏழு மீட்டர் தொலைவில் துல்லியமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டோம். கணுக்காலிலிருந்து எடுத்துச் சுடும் தொலைவு பெரும்பாலும் ஏழு மீட்டரில் பாதிகூட இருக்காது என்பதே நம் தரப்பு.

காவலர்கள் கிளாக் 26 அணிவதற்கான தனிக் காரணம் மேகசின். பணித் துப்பாக்கி கிளாக் 17 அல்லது 19 ஆக இருந்தால், இடுப்பு வாரில் இருக்கும் அதே மேகசின்களைக் கிளாக் 26இலும் செருகலாம். விசையின் உணர்வும் ஒன்றே. எடைக்கு ஈடாகக் கிடைக்கும் இந்த நன்மை, இடுப்பில் கிளாக் இல்லாத பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை.

குறிப்பாக எந்த மாதிரிகளைப் பார்க்கலாம்?

ரிவால்வரில் 642 மாதிரியும், கறுப்பு நிறத்தில் வரும் அதன் இணையான 442 மாதிரியும் அளவுகோல்கள். அலுமினியக் கலவைச் சட்டகம், சுமார் 4.8 செ.மீ. குழல், ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டாக்கள். முக்கியமான கூறு சுத்தியல் முழுவதும் உள்ளே மறைந்திருப்பது. வெளியே நீட்டிய சுத்தியல் கால்சட்டைத் துணியில் மாட்டிக்கொள்ளும். அந்நிறுவனம் தன் நூற்றாண்டு நிறைவையொட்டி 1952இல் கொண்டுவந்த மறை சுத்தியல் வடிவத்தின் வழித்தோன்றல்கள் இவை; அடிப்படை வடிவம் இன்னும் பெரிதாக மாறவில்லை. 2009இல் வந்த எல்சிஆர் மாதிரியில் சட்டகத்தின் பின்பகுதி பாலிமரால் ஆனது. விசை இழுப்பு சற்று மென்மையாக இருப்பதால் விரல் வலு குறைந்தவர்களுக்கு நாம் அதையே முதலில் காட்டுவோம்.

பிஸ்டல் வேண்டுவோருக்கு .380 தோட்டா வகையில் எல்சிபி மேக்ஸும் கிளாக் 42 மாதிரியும், 9 மி.மீ. வகையில் கிளாக் 43, பி365 ஆகியவையும் உண்டு. 2018இல் பி365 வந்தபோது அந்த அளவுள்ள துப்பாக்கியில் பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் என்பது பலரையும் வியக்க வைத்தது. இடுப்புக்கு அது மிகச் சிறந்த துப்பாக்கி. கணுக்காலுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது.

பிடியின் பொருளையும் பாருங்கள். ரப்பர் பிடி கைக்கு இதம், ஆனால் கால்சட்டைத் துணியைப் பற்றிக்கொண்டு விடாது. வழுவழுப்பான மரம் அல்லது கெட்டி பிளாஸ்டிக் பிடியே கணுக்காலுக்கு நல்லது.

.380 தோட்டாவின் வலு போதுமா?

மயாமி நிகழ்ச்சிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனைமுறையில், உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை புக வேண்டும் என்பது அளவுகோல். குட்டைக் குழலிலிருந்து சுடும் .380 குழிமுனைத் தோட்டாக்களில் பல, விரிந்தால் 12 அங்குலத்தை எட்டுவதில்லை, எட்டினால் விரிவதில்லை. .38 ஸ்பெஷலுக்கும் குட்டைக் குழலில் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. ஆகவேதான் குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த 135 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையைக் குறிக்கும் சிறு அலகு) தோட்டாக்கள் விற்பனைக்கு வருகின்றன. பின்னுதைப்பைத் தாங்க முடியாதவர்கள் 148 கிரெயின் தட்டைமுனைத் தோட்டாவை .38 ரிவால்வரில் போடுகிறார்கள். அது விரியாது, ஆனால் மென்மையாகச் சுடும், ஆழமாகவும் புகும். 9 மி.மீ. தோட்டா இந்த மூன்றிலும் வலுவானது, ஆனால் அதைத் தாங்கும் துப்பாக்கி கனமானது. எல்லாம் சுற்றி எடைக்கே வந்து நிற்கிறது.

.22 தோட்டாவில் வெடிமருந்துப் பொறி தோட்டாவின் விளிம்பில் இருப்பதால், வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

300 கிராம் அளவில் .357 மேக்னம் ரிவால்வர் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகம் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி ஏறத்தாழ 330 கிராம்தான். அதில் ஐந்து மேக்னம் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தவர்களில் ஆறாவது சுட விரும்புபவர்கள் குறைவு. பின்னுதைப்பு அவ்வளவு கடுமையாக இருப்பதால் சுடப்படாத தோட்டாக்களின் குண்டு தன் தோட்டாக் கூட்டிலிருந்து முன்னே நழுவி உருளையையே நிறுத்திவிடக்கூடும். அதனால் 120 கிரெயினுக்குக் குறைந்த எடையுள்ள குண்டு கொண்ட மேக்னம் தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைக் குழலிலேயே பொறித்து அனுப்புகிறார்கள். அதை வாங்குவதாக இருந்தால் .38 ஸ்பெஷலை மட்டும் போட்டு அதன் இலகுவை அனுபவியுங்கள்.

உறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

துப்பாக்கிக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை உறைக்கு ஒதுக்க வேண்டும். பரவலான வடிவம், வெல்க்ரோ கொண்டு கணுக்காலைச் சுற்றும் நியோபிரீன் (மென்மையான செயற்கை ரப்பர்) பட்டையும், அதன் உட்புறம் தோலை உராயாதபடி வைத்த செம்மறியாட்டு ரோமத் திண்டும், அதன்மேல் தைத்த உறையும் ஆகும். கால்கோ, டிசாண்டிஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றை நெடுங்காலமாகச் செய்கின்றன. கவனிக்க வேண்டியவற்றுள் முதலாவது, விசைக்காப்பு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையம், முழுவதும் கெட்டியான பொருளால் மூடப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த எலாஸ்டிக் துணி மட்டும் மூடியிருந்தால் அதை வாங்காதீர்கள். அடுத்து, ஓடினாலும் குதித்தாலும் துப்பாக்கி வெளியே விழாதபடி கட்டைவிரலால் திறக்கும் பட்டி இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலுக்கு மேலே சுற்றும் கூடுதல் பட்டை கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் துப்பாக்கி மெல்ல மெல்ல வழுக்கிக் காலணியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வாரம் இறுக்கமாகக் கட்டிக் காலில் தழும்பு ஏற்படுத்திக்கொள்வது எல்லோரும் செய்யும் பிழை. பட்டைக்கு அடியில் நீளமான பருத்திக் காலுறை அணியுங்கள். இறுக்கத்தைப் பட்டை அசையாத அளவோடு நிறுத்துங்கள். நீரிழிவு நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களும் இந்த முறையையே தவிர்க்க வேண்டும். புண் ஏற்பட்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

உடை, காலணி, உட்காரும் முறை?

கீழ்ப்பகுதி சற்று அகன்ற கால்சட்டை வேண்டும். நீளமும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இறுகிய ஜீன்ஸும் அரைக்கால்சட்டையும் இதற்கு உதவா. உட்காரும்போது கால்சட்டை ஒரு சாண் மேலே ஏறும் என்பதைக் கண்ணாடி முன் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால்மேல் கால் போடும் பழக்கத்தை விட வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நண்பர் வீட்டு வாசலிலேயே காலணியைக் கழற்றக் குனிகிறோம். உள்ளே சென்றதும் தரையில் சம்மணமிடுகிறோம். கோயிலில் விழுந்து வணங்குகிறோம். கணுக்கால் துப்பாக்கி இந்த மூன்றிலும் வெளியே தெரியும். மறைத்து அணிந்தது வெளியே தெரிவது சில மாநிலங்களில் சட்டச் சிக்கல். எல்லா இடங்களிலும் விருந்தளிப்பவருக்கு அதிர்ச்சி. வழிபாட்டிடங்கள் குறித்த விதிகளும் மாநிலந்தோறும் வேறுபடுகின்றன. நிர்வாகம் தடைப் பலகை வைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அத்தகைய நாளில் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுச் செல்வதே முறை.

எப்படி எடுப்பது, எப்படிப் பழகுவது?

வலக்கைக்காரர் இடக்காலை ஒரு பெரிய அடி முன்னே வைத்து, முழங்காலுக்கு மேல் கால்சட்டைத் துணியை இடக்கையால் கொத்தாகப் பற்றி மேலே இழுத்து, வலமுழங்காலைத் தரையில் ஊன்றியபடி வலக்கையால் பிடியைப் பற்றி எடுக்க வேண்டும். கணுக்காலுக்கு அருகில் துணியைப் பற்ற முயல்பவர் இரண்டு முறை குனிய வேண்டிவரும். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்து இலக்கை நோக்கும் வரை ஆள்காட்டிவிரல் விசைக்காப்புக்கு வெளியே இருக்க வேண்டும்; வெளியே வரும் குழல் தன் காலையே கடந்து செல்லும் என்பதால் இங்கே அது உயிர்ப் பிரச்சினை. மல்லாந்து விழுந்த நிலையில் முழங்காலை மார்புக்கு இழுத்தும் எடுக்கலாம். கீழே விழுந்தவருக்கு இடுப்பைவிடக் கணுக்கால் எளிதாகக் கைக்கு எட்டும்.

இவற்றையெல்லாம் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, ஒரு பயிற்சியாளரின் மேற்பார்வையில் தொடங்கிப் பழக வேண்டும். திரும்ப உறையில் வைக்கும்போது அவசரம் கூடாது. கணுக்காலிலேயே குனிந்து செருகுவதைவிட, உறையைக் கழற்றித் துப்பாக்கியைச் செருகிப் பின் அணிவது பாதுகாப்பானது.

துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டாவோடு அணிந்தால் தானே சுட்டுவிடாதா?

கீழே விழுந்தாலும் சுடாதபடி உட்காப்பு கொண்ட நவீன துப்பாக்கி, விசையை முழுவதும் மூடும் உறை என்ற இரண்டும் இருந்தால், தானே சுடுவது மிக மிக அரிது. ஆனால் கணுக்கால் துப்பாக்கி படியிலும் மேசைக்காலிலும் இடிபடுவதால், இந்த உட்காப்பு இங்கே இன்றியமையாதது. 2008இல் எல்சிபி அறிமுகமான ஆண்டிலேயே, கீழே விழுந்தால் சுட்டுவிடக்கூடும் என்பது தெரியவந்து, ரூகர் நிறுவனமே தொடக்ககாலத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுச் சுத்தியல் அமைப்பை மாற்றித் தந்தது. பழைய எல்சிபி ஒன்றைக் கைமாற்றாக வாங்குபவர்கள் அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று வரிசை எண்ணைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். டெரிஞ்சர் எனும் பழங்காலக் குட்டிக் கைத்துப்பாக்கி வகைகளும், உட்காப்பு இல்லாத பழைய குட்டைப் பிஸ்டல்களும் அலமாரிக்கு அழகு; காலுக்கு ஆகா.

பராமரிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்து, மென்தூரிகையால் துகளைத் தட்டி, லேசாக எண்ணெய் பூசித் துடைக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் புழுதியை அதுவே பிடித்து வைக்கும். மழையிலோ பனியிலோ நடந்தால் அன்றிரவே துடைத்தாக வேண்டும். தோட்டாக்களும் ஈரத்தில் கெடும் என்பதால், அணிந்த தோட்டாக்களை ஆண்டுக்கு இரு முறையாவது சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துப் புதியன நிரப்புங்கள். நியோபிரீன் பட்டை வியர்வையை ஊறிக்கொள்ளும். கையால் அலசி நிழலில் காய வைக்கலாம்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்லலாமா?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது, 9 மி.மீ., .38 ஆகிய அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கிவிடும். அங்கே உரிமதாரர்களுக்குப் பரவலாகக் கிடைப்பது ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர். மறந்தாற்போல் பையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் விமான நிலையத்தில் வழக்காகிவிடும் என்பதால், சுடுதளத்துக்கு எடுத்துச் சென்ற பையைப் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவும் குறைவு. முதலில் உறையை மட்டும் வாங்குங்கள். துப்பாக்கியின் எடைக்கு நிகரான அளவு அரிசியையோ மணலையோ ஒரு சிறு துணிப்பையில் கட்டி அதில் செருகி, ஒரு வாரம் அலுவலகம், கடை, மாடிப்படி என்று வழக்கம்போல் நடமாடுங்கள். தோட்டாவின் எடையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 642க்கு ஏறத்தாழ அரைக் கிலோ வரும். மூன்றாம் நாள் கால் பழகிவிட்டதா, அல்லது மதியமே பட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். கழற்றிப் போட்டிருந்தால் பையில் நூறு கிராம் குறைத்து மீண்டும் ஒரு வாரம். அதன் பிறகு சுடுதளத்தில் அந்த எடைக்குள் அடங்கும் இரண்டு மூன்று மாதிரிகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவேனும் சுடுங்கள். அவற்றில் பத்தை இடக்கையால் மட்டும் சுட்டுப் பாருங்கள்.